ஆயிரம் வாட்ஸ் பொறாமை

“சார், சங்கீதா மேடமும் வருவாங்கள்ல?”

போனில் உதயகுமார் கேட்ட அந்த ஒரு கேள்வியில் துப்பறியும் நிபுணர் குமரகுருவுக்குக் காலைக் காபியே கசந்துபோனது. காந்தி ரோட்டு மாடியில் தொங்கும் போர்டில் இருப்பது அவர் பெயர்தான். தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து காஞ்சிபுரத்தில் காணாமல்போன நகைகளையும், கல்யாணத்துக்கு நிற்கும் மாப்பிள்ளைகளின் யோக்கியதையையும் தேடிக் கண்டுபிடித்துக்கொண்டிருப்பவர் அவர். நேற்று வந்த உதவியாளர் சங்கீதாவை இப்போது ஊரே விசாரிக்கிறது. பட்டுக்கடைத் திருட்டைப் பிடித்தது அவள்தான் என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். அப்படியானால் இவர் அன்றைக்கு அவளுக்குக் குடையா பிடித்துக்கொண்டிருந்தார்?

“வருவா,” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

பிள்ளையார்பாளையத்தில் உதயகுமாரின் வீட்டை ஒட்டிய நீள அறைதான் அவனுடைய சவுண்ட் சர்வீஸ். சுவருக்கு அந்தப் பக்கம் அவன் அண்ணனின் தறி ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் நான்கு பேஸ் பெட்டிகள், பீரோவில் பாதி உயரம் ஒவ்வொன்றும், செத்துப்போய் நின்றன.

“மூணு மாசம்கூட ஆகல சார் வாங்கி,” என்றான் உதயகுமார். “முந்தாநாள் ஏனாத்தூர் ரோட்டு மண்டபத்துல ரிசப்ஷன். நம்ம தெரு கைலாசம் மாமா பொண்ணு கல்யாணம். பசங்க ஆடிக்கினு இருக்கும்போதே நாலும் ஒண்ணு பின்னாடி ஒண்ணா போயிடுச்சு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சிரிச்சாங்க சார்.”

“யார் மேல சந்தேகம்?”

“சந்தேகமே இல்ல. விமல்ராஜ். தாமல்காரன், என்கிட்ட சவுண்ட் மிக்சர் ஓட்டுறவன். ஓரிக்கைல இன்னொரு சவுண்ட் சர்வீஸ்காரன் அவனைக் கூப்புட்டுக்கினே இருக்கான். போறதுக்கு முன்னாடி என்னைக் கவுத்துட்டுப் போகணும்னு பண்ணிட்டான். ஸ்டேஷன்ல சொன்னேன், ஆதாரம் எடுத்துக்கினு வாங்கன்னுட்டாங்க. இன்னைக்கு சாயங்காலம் போறேன். அதுக்குள்ள ஆதாரம் வேணும்.”

சங்கீதா அதற்குள் ஒரு பெட்டியின் பின்பக்கம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்தவள். அதையும் குமரகுரு மன்னிக்கவில்லை.

“இதுக்குள்ள ஆம்ப்ளிஃபயர் கிடையாது சார்,” என்றாள். “பவர் முழுக்க வெளியிலிருந்துதான் வரணும். வேலைக்குப் போகாத வீட்டோட மாப்பிள்ளை மாதிரி. மாமனார் கொடுத்தாத்தான் வாயைத் திறப்பான்.”

உதயகுமார் விழுந்து விழுந்து சிரித்தான். குமரகுரு சிரிக்கவில்லை.

“அதுதான் மேடம் விஷயமே,” என்றான் உதயகுமார். “பெட்டி ஒண்ணு அறுநூறு வாட்ஸ் தாங்கும். சேனலுக்கு ரெண்டு பெட்டி, ஆக ஆயிரத்து இருநூறு. இவன் இன்னா பண்ணான்? சேனலுக்கு ரெண்டாயிரம் கொடுக்குற ஆம்பா பாத்து வாங்க வெச்சான். தாங்குறது ஆயிரத்து இருநூறு, கொடுக்குறது ரெண்டாயிரம். எரியாம இன்னா செய்யும்?”

கணக்கு கச்சிதமாக இருந்தது. குமரகுரு தலையாட்டினார். சங்கீதா ஆட்டவில்லை. பெட்டியின் வலையைக் கழற்றி, ஸ்பீக்கர் கூம்பின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து மெதுவாக அழுத்தினாள். உள்ளே சரக் சரக்கென்று உரசியது.

“கூம்பு எங்கயும் கிழியல சார். உள்ள மெல்லிசா கம்பி சுத்தின காயில்தான் கருகியிருக்குது. பெரிய ஆம்ப் ஓங்கி அறைஞ்சிருந்தா கூம்பு கிழிஞ்சு தொங்கும், இல்ல காயில் இடம் மாறி முட்டிக்கினு நிக்கும். இது சூட்டுல வெந்திருக்குது. அடிபட்டுச் செத்தவன் இல்ல, ஜுரத்துல செத்தவன்.”

“மேடம் மேடம்தான்!” என்றான் உதயகுமார்.

குமரகுருவுக்கு வயிறு எரிந்தது. கருகல் வாசனையை அவர் வாசலிலேயே பிடித்துவிட்டார். நாலு பேர் கவனிக்கிற நேரமாகப் பார்த்துச் சொல்லலாம் என்று வைத்திருந்தார். இந்தப் பெண்ணுக்குப் பொறுமை என்பதே கிடையாது.

தன் பங்குக்கு ஏதாவது கேட்டாக வேண்டுமே என்று, “அன்னைக்கு ஆம்ப் வெச்ச ரேக் பெட்டி எங்க இருந்தது?” என்றார்.

“மேடைக்குப் பின்னாடி. நான்தான் கூட உக்காந்துக்கினு இருந்தேன். நம்ம தெரு கல்யாணமாச்சே, கனெக்ஷன்லாம் நானே கொடுத்தேன். விமல் மிக்சரோட மண்டபத்துக் கோடியில இருந்தான்.”

“அந்த மூலையில துணி போட்டு மூடியிருக்கே, அது?”

“பழைய ஆம்ப் சார். விமல் வர்றதுக்கு முன்னாடி நான் ஓட்டினது. உள்ளூர்ல அசெம்பிள் பண்ணது, சேனலுக்கு ஆயிரம்தான். இப்போ சும்மா கெடக்குது.”

சங்கீதா ஸ்கூட்டரை எடுக்கப் போனாள். வாசலில் நின்ற டெம்போவின் நிழலில் சுமை தூக்கும் சின்னப்பையன் இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டு முனகினார். பெயர்தான் சின்னப்பையன், வயது ஐம்பதுக்கு மேல்.

“இன்னாய்யா ஆச்சு?” என்றார் குமரகுரு.

“அந்தக் கல்யாணத்துல புடிச்சுது சார். ஆம்ப் ரேக்கைத் தூக்கினேன், கல்லு மாதிரி கனம். புதுசு வாங்கினதுலேருந்து நான் ஒத்தை ஆளா தோள்ல போட்டுக்கினு போவேன். அன்னைக்கு டிரைவரும் சேர்ந்து புடிச்சும் நகரல. முன்னாடி, பழைய ஆம்ப் இருந்த காலத்துலதான் அப்படி உயிரை வாங்கும்.”

“இப்போ?”

“இன்னைக்குக் காலையில தள்ளி வெச்சேன் சார். பழையபடி பஞ்சு மாதிரி இருக்குது. எனக்குத்தான் வயசாயிடுச்சு போல.”

குமரகுருவின் கண்கள் மின்னின. ஆள் மாறவில்லை, ரேக் மாறவில்லை. அன்றைக்கு ஒரு நாள் மட்டும் உள்ளே இருந்த ஆம்ப் மாறியிருக்கிறது. புது ஆம்பின் எடை குறைவு, பவர் அதிகம். பழையது இரும்புக் குண்டாக இருந்தும் பவரில் பாதிதான். இந்தத் துப்பு அவருடையது. முழுக்க முழுக்க அவருடையது. ஸ்கூட்டரைக் கொண்டுவந்து நிறுத்திய சங்கீதாவிடம் அதைச் சொல்ல அவருக்கு மனசே வரவில்லை.

“என்ன சார், மூஞ்சில பல்பு எரியுது?”

“வெயிலு. தாமலுக்கு விடு.”

தாமல் ஏரிக்கரையில், அரச மரத்தடியில் நிறுத்தியிருந்த பைக்கின்மேல் விமல்ராஜ் உட்கார்ந்திருந்தான். மெலிந்த உடம்பு, காதில் ஒரு சின்னக் கடுக்கன், முகத்தில் தூக்கமில்லாத வீக்கம். வந்தவர்கள் யாரென்று தெரிந்ததும் இறங்கி நின்றான்.

“என் மேல கேஸ் குடுக்கப் போறாராமே சார்? குடுக்கட்டும். ஜெயிலுகூடப் பரவால்ல. ஸ்பீக்கரைக் கொளுத்தினவன்னு பேர் வந்துட்டா இந்த ஊர்ல எவனும் மிக்சர் பக்கத்துலயே விட மாட்டான். எனக்கு வேற எந்த வேலையும் தெரியாது சார்.”

“தாங்குறது ஆயிரத்து இருநூறு. நீ ரெண்டாயிரம் வாட்ஸ் ஆம்ப் வாங்க வெச்சே. ஏன்?” என்றார் குமரகுரு.

“அப்படித்தான் சார் வெக்கணும். ஸ்பீக்கர் விடாம தாங்குற பவரைப்போல ஒன்றரை மடங்கு, ரெண்டு மடங்கு ஆம்புக்கு இருக்கணும். பாட்டுல அடி வந்து வந்து போகும். பெரிய ஆம்ப் அந்த அடியை முழுசா குடுத்துட்டு அமைதியாயிடும். நடுவுல காயிலுக்கு ஆற நேரம் கிடைக்கும். சத்தத்தை எங்க நிறுத்தணும்னு ஓட்டுறவனுக்குத் தெரிஞ்சா போதும்.”

“சின்ன ஆம்ப் வெச்சா?” என்றாள் சங்கீதா.

“மெதுவா ஓட்டினா ஒண்ணும் ஆகாது மேடம். பத்தலன்னு தள்ளினாத்தான் ஆபத்து. அதால முடியாத இடத்துல சிக்னல் அலையோட தலை வெட்டுப்பட்டுத் தட்டையாயிடும். அப்புறம் ஆயிரம் வாட்ஸ் ஆம்பு ஆயிரத்தோட நிக்காது. கிட்டத்தட்ட அதுக்கு ரெண்டு மடங்கை மூச்சு விடாம கொட்டும். காயில் ஆறவே ஆறாது, வெந்துடும். ஆம்புல கிளிப் லைட்டுன்னு ஒண்ணு சிவப்பா எரியும். அது எரிஞ்சா உடனே சத்தத்தைக் குறைக்கணும்.”

“அன்னைக்கு எரிஞ்சுதா?”

“நான் எங்க பாத்தேன்? ரேக் மேடைக்குப் பின்னாடி, நான் இந்தக் கோடியில. அன்னைக்கு ஆரம்பத்துலேருந்தே பேஸ் ஏறல. ‘விமலு, இன்னாப்பா ஆச்சு, சவ ஊர்வலம் மாதிரி இருக்குது’ன்னு சொந்தக்காரங்க வந்து வந்து கேட்டாங்க. மானம் போச்சு மேடம். ஏத்தினேன். உதயகுமார் அண்ணனுக்கு போன் போட்டு, ரேக்ல எல்லாம் சரியா இருக்குதான்னு கேட்டேன். சரியா இருக்குதுன்னாரு. இன்னும் ஏத்தினேன்.”

சங்கீதா விரலைச் சொடுக்கினாள். “சார்! யாரோ அன்னைக்கு ரேக்ல சின்ன ஆம்பை மாத்தி வெச்சிருக்காங்க. ஆனா அதை எப்படி நிரூபிக்கிறது?”

குமரகுரு இதற்காகத்தான் காத்திருந்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “சின்னப்பையன் இடுப்பை வெச்சு,” என்று ஆரம்பித்து முழுவதையும் சொன்னார்.

“பிரமாதம் சார்! எப்போ தெரிஞ்சுது?”

“பிள்ளையார்பாளையத்துலேயே.”

“அப்புறம் ஏன் என்கிட்ட சொல்லல?”

குமரகுரு ஏரியைப் பார்த்தார். ஏரியில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, தண்ணீர்தான் இருந்தது.

சங்கீதா அதோடு விடுகிற ரகம் இல்லை. “மாத்தினது ஓரிக்கைக்காரனாத்தான் இருக்கும். உதயகுமாரையும் விமலையும் பிரிச்சுட்டா விமல் நேரா அவன்கிட்டதானே போவான்? நேரா அங்க போய் அவன் சட்டையைப் பிடிக்கலாம் சார்.”

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் குமரகுருவுக்கு ஏதோ இடித்தது. ஓரிக்கைக்காரன் எப்படி வீட்டுக்குள் வந்து மாற்றி, கல்யாணம் முடிந்ததும் மறுபடி பழையபடி வைப்பான்? அவர் விமல்ராஜ் பக்கம் திரும்பினார்.

“அந்தக் கல்யாணத்தை யார் வந்து பேசினது?”

“கைலாசம் மாமாதான் சார். நானும் கூட இருந்தேன். அண்ணன்கிட்ட எல்லாத்தையும் பேசி முடிச்சிட்டு எழுந்திருக்கும்போது, ‘விமலு வருவான்ல? அவன் வந்தாத்தான் சவுண்டு’ன்னாரு. அண்ணன் சிரிச்சாரு. ஆனா அதுக்கப்புறம் அன்னைக்கு முழுக்க என்கிட்ட பேசல.”

குமரகுருவுக்கு யாரோ நெஞ்சில் கை வைத்து அழுத்தினாற்போல் இருந்தது. காலையில் போனை வைத்துவிட்டு அவர் என்ன நினைத்தார்? இன்றைக்கு ஒரு நாளாவது இந்தப் பெண் எல்லார் முன்னாலும் ஏதாவது ஒன்றில் தப்புச் செய்ய வேண்டும் என்று நினைத்தார். அவளுக்குக் காய்ச்சல் வர வேண்டாம், வேலை போக வேண்டாம். கொஞ்சம் சோபை இழந்தால் போதும். அவ்வளவுதான் அவருடைய ஆசை. அந்த ஆசைக்குக் கையில் ஒரு பழைய ஆம்பும் பூட்டுச் சாவியும் இருந்திருந்தால்?

“ஓரிக்கைக்குப் போக வேணாம்,” என்றார். “பிள்ளையார்பாளையத்துக்கே விடு. தம்பி, நீயும் வா.”

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது உதயகுமார் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் ஸ்டேஷனுக்குக் கிளம்பி நின்றான். விமல்ராஜைக் கண்டதும் முகம் சுருங்கியது.

“இவனை ஏன் சார் கூட்டிக்கினு வந்தீங்க? ஆதாரம் கெடச்சுதா?”

“கெடச்சுது. அந்த மூலையில இருக்குற பழைய ஆம்பைக் கொஞ்சம் தூக்குங்க.”

“எதுக்கு சார்? ஒத்தை ஆளால ஆகாது, அது என்ன கனம்னு...”

வாக்கியம் பாதியிலேயே நின்றது. வாசலில் சின்னப்பையன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பதை உதயகுமார் அப்போதுதான் பார்த்தான்.

“கல்யாணத்தன்னைக்கு ரேக்குக்குள்ள இருந்தது அதுதான். நீங்க மாத்தினீங்க. கனெக்ஷனை நானே கொடுக்குறேன்னு நீங்களே கொடுத்தீங்க. விமல் பாக்கக் கூடாதுன்னு பக்கத்துலயே உக்காந்தீங்க. எல்லாம் முடிஞ்சதும் திரும்பப் புதுசை வெச்சுட்டீங்க.”

கேஸ் கொடுத்தவனே குற்றவாளி என்பது சங்கீதாவுக்கே எட்டாத இடமாக இருந்தது. இன்னொரு நாளாக இருந்தால் குமரகுரு அதை அரை மணி நேரம் அனுபவித்திருப்பார். இன்றைக்கு முடியவில்லை.

“சரி சார், மாத்தினேன்!” உதயகுமார் கத்தினான். “அதுக்கும் எரிஞ்சதுக்கும் இன்னா சம்பந்தம்? ரெண்டாயிரம்னு சொன்னாத்தான் போலீஸ் நம்பும்னு அதைச் சொன்னேன், அது பொய்தான். ஆனா வெச்சது ஆயிரம்தானே? தாங்குறது ஆயிரத்து இருநூறு. கம்மியா கொடுத்தா எப்படி எரியும்? நாங்க தறிக்காரங்க சார். தறியில அச்சுப் பலகையை ஓங்கி அடிச்சா பாவு நூல் அறும். மெதுவா அடிச்சா துணி கொஞ்சம் தளர்வா வரும், அவ்ளோதான். இழை அறுமா? இவன்தான் மிக்சர்ல என்னமோ பண்ணி எரிச்சான். சத்தியமா அப்படித்தான் நான் நம்புறேன்!”

அவன் பொய் சொல்லவில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தது. சுவருக்கு அப்பால் தறி ஓடிக்கொண்டே இருந்தது.

சங்கீதாதான் எடுத்துச் சொன்னாள். அலையின் தலை வெட்டுப்படுவதையும், ஆயிரம் வாட்ஸ் இரண்டு மடங்காகக் கொட்டுவதையும், காயில் ஆற நேரமில்லாமல் வேகுவதையும், ஒரு நக்கல்கூட இல்லாமல் நிதானமாகச் சொன்னாள். கேட்கக் கேட்க உதயகுமாரின் முகம் வெளிறியது. எரிந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். கடைசியாக, எரித்தவன் யாரென்று புரிந்துகொண்டவனாகத் தன் கைகளைப் பார்த்தான்.

“எதுக்கு அண்ணே?” என்றான் விமல்ராஜ்.

“கடை என்னுது. பெட்டி என்னுது. கடன் என்னுது. எங்க போனாலும் விமல் சவுண்டு, விமல் சவுண்டு. என் தெருவுலயே என்னை ஓரமா நிக்க வெச்சுட்டு உன்னைக் கேக்குறாங்க. ஒரு நாள், ஒரே ஒரு நாள் உன் சவுண்டு சப்புன்னு இருக்கட்டும்னு நெனச்சேன். வேற ஒண்ணும் நெனைக்கலடா.”

“ரேக்ல சிவப்பு லைட்டு எரிஞ்சுதா?”

“எரிஞ்சுக்கினே இருந்துது.”

“நான் போன்ல கேட்டேனே அண்ணே. அப்போவாவது சொல்லியிருக்கலாம்ல?”

உதயகுமார் தலையைக் குனிந்துகொண்டான்.

“சொன்னா நீ சரிபண்ணிடுவியேடா.”

விமல்ராஜ் கோபப்படுவான் என்று குமரகுரு எதிர்பார்த்தார். அவன் கோபப்படவில்லை, கண்களைத் துடைத்துக்கொண்டான்.

“காயில் நாலையும் புதுசா சுத்தி மாட்டிக்கலாம் அண்ணே. பெட்டிக்கு ஒண்ணும் ஆகல. ஓட்டுறதுக்கு மட்டும் வேற ஆளைப் பாத்துக்குங்க.”

அவன் வெளியே போய் பைக்கின் மேல் கை வைத்தான். குமரகுரு உதயகுமாரின் தோளைத் தொட்டார்.

“ஸ்டேஷனுக்குப் போகத்தானே இந்தச் சட்டை? இதே சட்டையில கைலாசம் வீட்டுக்குப் போங்க. எரிச்சது யாருன்னு உங்க வாயால சொல்லுங்க. அவன் பேர் கெட்டது அந்த வீட்டுக் கல்யாணத்துலதான்.”

உதயகுமார் வாசலைத் தாண்டுவதற்கே நெடுநேரம் எடுத்துக்கொண்டான். பிறகு தெருவில் இறங்கி, விமல்ராஜின் முகத்தைப் பார்க்காமல் அவனைக் கடந்து, கைலாசம் வீட்டை நோக்கி நடந்தான். கைலாசம் வெளியே வருவதும், உதயகுமார் கைகளைக் கட்டிக்கொண்டு ஏதோ சொல்வதும், கைலாசத்தின் பார்வை தெருவின் இந்தக் கோடிக்கு, விமல்ராஜ் நின்ற இடத்துக்கு வருவதும் இங்கிருந்தே தெரிந்தது. அதன்பிறகுதான் விமல்ராஜ் வண்டியை உதைத்தான். தாமல் பக்கம் திரும்பாமல் ஓரிக்கைப் பக்கம் போனான்.

“சார்,” என்றாள் சங்கீதா. “இதுல நான் தோத்துட்டேன். உதயகுமார்தான்னு எப்படி சார் பிடிச்சீங்க?”

அவள் வந்த நாளிலிருந்து அவர் ஆசைப்பட்ட கேள்வி. அனுபவம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் ஊர் முழுக்கச் சொல்வாள். அந்த வார்த்தை வாய்வரைக்கும் வந்தது. தெருக்கோடியில் உதயகுமார் இன்னும் கைலாசத்தின் வாசலில் தலைகுனிந்து நிற்பதைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டார்.

“அவன் இடத்துல நான் இருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு நெனச்சுப் பாத்தேன். ரொம்ப நேரம் நெனைக்க வேண்டியிருக்கல. எனக்கும் அதேதான், சங்கீதா. உன்மேல.”

சங்கீதா வண்டியில் ஏறவில்லை. ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் நடந்தாள். தெரு முனை வந்தது.

“நாளைக்கு நான் வரணுமா, வேணாமா சார்?”

“வா,” என்றார் குமரகுரு. “நான் தப்புப் பண்ணா அங்கயே சொல்லு. நான் முறைச்சாலும் சொல்லு.”

“இப்பவும் முறைச்சுக்கினுதான் இருக்கீங்க,” என்று சொல்லிவிட்டு அவள் வண்டியைக் கிளப்பினாள்.